மூடியின் உட்பக்கம்

அந்த அருங்காட்சியகத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. மாடியில் இருந்தது கதைக் கட்சி. ஒரு பழைய சாமானைக் கையில் கொடுத்தால் போதும், அதை யார் செய்தார், யார் வைத்திருந்தார், யார் அதைப் பார்த்து அழுதார் என்று தேடிப் போய் விசாரித்து, குரலைப் பதிவு செய்து, சுருக்கி எழுதிப் பலகையில் மாட்டிவிடுவார்கள். அடித்தளத்தில் இருந்தது கழுவும் கட்சி. கட்சி என்று பேர்தானே தவிர, அதில் தலைவர், தொண்டர் எல்லாம் ஒரே ஆள். அவளைப் பஞ்சக்கா என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, துருவையும் பிசுக்கையும் நாள்கணக்கில் ஒற்றி ஒற்றி எடுப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. எதையும் சுரண்டி எடுக்கத் தெரிந்தவளுக்கு அதை மட்டும் எடுக்கத் தெரியவில்லை.

பஞ்சக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலை முடிகிறவரை எந்தச் சாமானின் கதையையும் காதில் வாங்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் செயற்கைக் கால் வந்தது. தோல்வார், இரும்புக் கம்பி, முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருகாணி. அந்தக் குழந்தை அதை மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தது, எப்போது நடக்காமல் போனது என்று யாரோ அவளிடம் விலாவாரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் அவளால் அதைத் தொட முடியவில்லை. தொட்டபோது கை தவறித் தோல்வாரைக் கிழித்துவிட்டாள். அன்றைக்கே முடிவு கட்டினாள், அழுக்குக்கு உறவு கிடையாது, அழுக்கு அழுக்குதான் என்று. அந்தக் கொள்கையோடு அவள் எத்தனையோ சாமான்களைக் காப்பாற்றியிருக்கிறாள். நன்றாக ஓடுகிற கொள்கையை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்? அவளும் பார்க்கவில்லை.

கருவிகளையும் அவற்றைப் பிடித்த மனிதர்களையும் பற்றி ஒரு புதுக் கூடம் திறப்பதாக இருந்தது. அதற்காகக் கதைக் கட்சியின் இளம்பெண் ஒருத்தி ஊரெல்லாம் சுற்றிச் சாமான் திரட்டினாள். எல்லோருக்கும் அவள் கதைக்காரி. ஒருநாள் தள்ளுவண்டியில் ஒரு மரப்பெட்டியை வைத்து உருட்டிக்கொண்டு அடித்தளத்துக்கு வந்தாள்.

"அக்கா, இது மின்நிலையத்துல இருந்த ஒரு மெக்கானிக்கோட பெட்டி. இதோட மூடியில பாத்தீங்கன்னா..."

பஞ்சக்கா கையைத் தூக்கினாள். நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர்கூட அப்படி நிறுத்தியிருக்க மாட்டார்.

"கதை வேணாம்."

"கதை இல்லக்கா, ஒரே ஒரு விஷயம்..."

"விஷயமும் வேணாம். வேலை முடியட்டும். ரெண்டு பேரும் உக்காந்து டீயைக் குடிச்சுக்கிட்டே அழுவோம். இப்ப இறக்கி வை."

கதைக்காரி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறும் வயது அவளுக்கு. இன்னும் ஒரு வாக்கியம் பிடிவாதமாகப் பேசியிருக்கலாம். பஞ்சக்காவின் பிடிவாதத்துக்கு முன்னால் அது எடுபட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

பெட்டி நல்ல பெட்டி. யாரோ பொறுமையாகத் தன் கையாலேயே செய்துகொண்டது. உள்ளே ஸ்பானர்கள், சுத்தியல், அரம், ஒரு தகர டப்பாவில் வாஷர்கள். வெளிப்பக்கத்தையும் சாமான்களையும் படமெடுத்தாள். மூடியைத் திறந்தாள். அதைத் தாங்கும் சங்கிலி அறுந்திருந்தது. உட்பக்கத்தில் தட்டு அகலத்துக்குக் கருப்பாகப் பிசுக்கு ஏறிப் பளபளத்தது. அவள் பயப்படுவது இந்த எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான். தூசியை இழுக்கும், பூச்சியைக் கூப்பிடும், மரத்தை உள்ளுக்குள்ளேயே தின்னும். அதையும் ஒரு படம் எடுத்தாள். விளக்கு வெளிச்சம் பட்டுப் படத்தில் ஒரு கருப்புத் திட்டு மட்டும்தான் விழுந்தது. மருந்தைக் கலந்து, குச்சியை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

பாதி எடுத்திருந்தபோது பிசுக்கின் ஓரத்தில் விரல் மாதிரி நான்கு கோடுகள் தெரிந்தன. யாரோ அழுக்குக் கையோடு பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே அதையும் ஒற்றி எடுத்தாள். பிறகு வந்த நாட்களில் அவள் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இடம்தான். தெரியாமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செய்தாள்.

வேலை முடிந்தது. மூடியில் மரத்தின் ரேகை அழகாக வெளியே வந்தது. அவளே கதைக்காரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். கதைக்காரி இரண்டு டீயும் பதிவுக் கருவியுமாக வந்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டாள்.

மெக்கானிக்கின் மனைவி பேசினாள். அவசரமில்லாத குரல்.

"ஊர்ல இருக்கிற மெஷினை எல்லாம் சரி பண்ணுவார். தன் பெட்டிக்கு ஒரு சங்கிலி போட மாட்டார். இடது கையால மூடியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால சாமானை எடுப்பார். கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான். அதனால உள்பக்கம் அவர் கை அப்படியே விழுந்துடுச்சு. கொதிகலன் வெடிச்சு அவர் போனப்ப பொண்ணு நடக்கப் பழகிக்கிட்டிருந்தா. அவளுக்கு அப்பா முகம் ஞாபகம் கிடையாது. அவளுக்கு அப்பான்னா அந்தக் கைதான். தினமும் மூடியைத் திறந்து தன் கையை அதுமேல வெச்சுப் பாப்பா. எனக்கு எப்பம்மா எட்டும்னு கேப்பா..."

பஞ்சக்கா ஹெட்போனைக் கழற்றினாள். கதைக்காரி திறந்திருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ கையில் அப்படியே இருந்தது.

"அக்கா, அது எங்க?"

"எடுத்துட்டேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

பாவம், அவளுக்குப் பேச்சு புரிந்துவிட்டது, மனசுதான் புரிந்துகொள்ள மறுத்தது. பஞ்சக்கா ஹெட்போனை மேசையில் வைத்தாள். எழுந்து போய்க் கழிவு டிரம்மின் மூடியைத் திறந்தாள். மருந்து தோய்ந்த பஞ்சையெல்லாம் அதில்தான் போடுவது வழக்கம். டிரம் காலியாக இருந்தது. வண்டிக்காரர்கள் முந்தின நாள்தான் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். காலி டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். மருந்து நெடியில் கண் எரிந்தது. அழுகிறோமா நெடியா என்று அவளுக்கே தெரியவில்லை.

இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. திறப்பு விழா நெருக்கத்தில் இருப்பவர். "நடந்தது நடந்துபோச்சு. பலகையில அந்தக் கையைப் பத்தி இருக்கிற ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. சுத்தியல் இருக்கு, ஸ்பானர் இருக்கு, அதை வெச்சுக் கதை சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும் சார். திறப்புக்கு முந்தின நாள் அம்மாவும் பொண்ணும் பாக்க வர்றாங்க. நீங்கதான் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள் பஞ்சக்கா.

இயக்குநர் மேசையில் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "அப்போ நீங்களே பேசிக்கோங்க" என்றார். பெரிய மனிதர்கள் பொறுப்பை இறக்கி வைக்கும்போது சத்தமே வராது.

பஞ்சக்கா தனியாகத்தான் போனாள். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு இவள் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அருங்காட்சியகத்தில் இருந்து வருகிறேன் என்றதும் நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கி, உட்காரச் சொல்லி, டீ போடப் போனாள். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது பஞ்சக்காவுக்கு. அவள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு இதைச் சொல்ல முடியாது.

அடுப்படி வாசலில் நின்றே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நான்தான் துடைத்தேன், கேட்காமல் துடைத்தேன், சொல்ல வந்த பெண்ணையும் தடுத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தம்மா அடுப்பை அணைத்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒரு விரல்கூட இல்லையா?"

"இல்லம்மா."

அந்தம்மா திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் பஞ்சக்கா வந்திருந்தாள். திட்டு வாங்கியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தம்மாவோ கூடத்துக்கு வந்து, ஒதுக்கி வைத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நானும் கறை எடுக்கிறவதாங்க. ரத்தக் கறை, மருந்துக் கறை. யாரோடதுன்னு நானும் கேட்டதில்ல. அதனால உங்களை என்ன சொல்றதுன்னு தெரியல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் பெட்டியைக் கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். அழுதேன்கூட. பொண்ணுதான் விடல. படிக்க வெளியூர் போறா. 'நான் போயிட்டா யாரும்மா அதைப் பாத்துப்பாங்க, பூச்சி அரிச்சிடும், அங்க கொடுத்தா நமக்கு அப்புறமும் பத்திரமா இருக்கும்'னு சொல்லிச் சொல்லி என்னைக் கரைச்சா. இப்ப இது தெரிஞ்சா அவ என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்களையும் ஒண்ணும் சொல்ல மாட்டா. தன்னையே தின்னுக்குவா. எனக்கு அவளைத் தெரியும்."

"நான் அவகிட்ட நேரா மன்னிப்புக் கேக்கறேன்."

"மன்னிப்பை வெச்சு அவ என்ன பண்ணுவா?" அந்தம்மாவின் குரல் அப்போதுதான் முதல்முறையாக ஏறியது. "நீங்கதானே அழிச்சீங்க. நீங்களே வெச்சுடுங்க."

"எதை?"

"கையை. ஒரு ஆம்பளை கை. எண்ணெயும் கரியும் உங்களுக்குக் கிடைக்காதா? அவளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

"இல்லாத ஒண்ணைப் பொய்யா வெக்கிறது எங்க தொழில்லயே கிடையாதும்மா."

"இருக்கிறதை அழிக்கிறது மட்டும் உண்டா?"

பஞ்சக்கா ஒப்புக்கொண்டு வாக்குக் கொடுத்தாள். மகளிடம் சொல்ல மாட்டேன் என்றும், அம்மாவுக்குத் தெரியும் என்பதை யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றும் இரண்டையும் சேர்த்தே கொடுத்தாள்.

பஞ்சக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்து அகன்றுபோன கை. விடுப்பு நாளில் மத்தியானம் அவரை அடித்தளத்துக்குக் கூட்டி வந்தாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. பழைய என்ஜின் எண்ணெயில் விளக்குக் கரியும் மரத்தூளும் கலந்து வைத்திருந்ததை அவர் இடது கையில் பூசினாள்.

"மாமியார் வீட்டுலதான் மரியாதை இல்ல, பொண்டாட்டி ஆபீஸ்லயாவது இருக்கும்னு நினைச்சேன். கரியைப் பூசறியே" என்றார் அவர். "பரவால்ல, முகத்துல பூசாம விட்டியே. ஏன், என் கையையும் மியூசியத்துல வெக்கப்போறீங்களா? வெக்கலாம், இத்தனை வருஷத்துல ஒரு சைக்கிள்காரனைக்கூட இடிக்காத கை."

அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் சொன்னாள். கேட்டு முடித்தபோது அவருடைய கேலியெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"வேணாம். செத்த மனுஷன் கை இருந்த இடத்துல என் கையை வெக்கச் சொல்றியா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"எனக்கும்தாங்க. வேற வழி தெரியல."

அவர் கொஞ்ச நேரம் கரிக் கையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். அப்புறம், அவளுக்காக, வைத்தார். பெட்டியை வாங்கிய அன்று கதைக்காரி செல்போனில் எடுத்திருந்த மங்கலான ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல, விரலை விரிங்க, அழுத்தாதீங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகு ஓரங்களைத் தேய்த்து மங்கலாக்கினாள், விளக்கின் சூட்டில் காய வைத்தாள், மறுபடி பூசினாள், மறுபடி தேய்த்தாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் பொய் வேலை. வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாக வந்திருந்தது.

கதைக்காரியிடம், "முழுசாப் போகல. மரத்துக்குள்ள கொஞ்சம் இறங்கியிருந்தது, அதை மேல கொண்டு வந்துட்டேன்" என்றாள். கதைக்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பலகையில் அந்த வரி திரும்ப ஏறியது. இயக்குநர் வந்து பார்த்து, "நான் சொன்னேன்ல" என்றார். அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அன்றைக்கு வீட்டில் கணவர் தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது பஞ்சக்கா அவர் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் கருப்பு இருந்தது.

அம்மாவும் மகளும் சொன்னபடி வந்தார்கள். கூடத்தில் ஏணிகள், சுருட்டிய கயிறு, பெயின்ட் வாசனை. மற்றக் கண்ணாடிப் பேழைகளெல்லாம் பூட்டியாயிற்று. மெக்கானிக்கின் பெட்டி மட்டும் இவர்களுக்காகத் திறந்திருந்தது. மகள் ஒல்லியான பெண், முதுகில் பை. பலகையில் இருந்ததை முழுசாகப் படித்தாள். தன்னைப் பற்றிய வரி வந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"தொட்டுப் பாக்கட்டுமா மேடம்?"

"தொட்டுப் பாரும்மா. அதுக்குத்தான் திறந்து வெச்சிருக்கு."

அந்தப் பெண் முதலில் குனிந்து மூடியை முகர்ந்து பார்த்தாள். வாசனையைப் பற்றிப் பஞ்சக்கா யோசிக்கவே இல்லை. பிறகு அந்தப் பெண் இடது கையைக் கருப்புக் கையின்மேல் வைத்தாள். வைத்த கை வைத்தபடி நின்றாள். அம்மா பெட்டியைப் பார்க்கவே இல்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பெண் கையை எடுத்து, உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"அப்படியே இருக்கும்மா. வீட்டுல இருந்ததைவிட நல்லாத் தெரியுது" என்றாள். பஞ்சக்காவைத் திரும்பிப் பார்த்து, "கை கழுவ எங்க போகணும் மேடம்?" என்று கேட்டாள்.

பஞ்சக்கா அவளைக் கூட்டிப்போனாள். குழாயடியில் அந்தப் பெண் மடக்கிய கையை விரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கருப்பு.

"அப்பாவோடது ஒட்டாது மேடம். எத்தனை வருஷமாத் தொட்டிருக்கேன், ஒரு தடவைகூட ஒட்டினதில்ல." சோப்பைத் தேய்த்தாள். "சுண்டுவிரலும் அப்படி இருக்காது. தனியா விலகி நிக்கும். யாரோட கை இது?"

பொய்க்கு மேல் பொய் அடுக்கப் பஞ்சக்காவுக்குத் தெம்பில்லை.

"என் வீட்டுக்காரரோடது."

அந்தப் பெண் குழாயை நிறுத்தினாள்.

"அவர் இருக்காரா?"

"இருக்காரு."

"நல்லது" என்றாள். கேலியாகச் சொன்னாளா என்று பஞ்சக்கா அவள் முகத்தில் தேடினாள். இல்லை. மனசாரத்தான் சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பஞ்சக்கா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. கடைசியில், "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "கொடுக்கவே மாட்டேன்னு அழுதாங்க. நான்தான் வம்பு பண்ணிக் கொடுக்க வெச்சேன். இங்க வந்தா அவரைப் பாக்கலாம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படியே நினைச்சுக்கட்டும். சத்தியமா சொல்ல மாட்டீங்கல்ல?"

அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்ற வார்த்தை பஞ்சக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாக்கு அதைப் பிடித்து இழுத்தது. "சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரே பொய்யை இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் காவல் காக்கிறவளாக ஆகிப்போனாள்.

திரும்பி வந்தபோது கதைக்காரி அந்தப் பெண்ணை அடுத்த கூடத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். அம்மா பஞ்சக்காவின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"கண்டுபிடிச்சாளா?"

"இல்ல."

அந்த முகம் நிம்மதியில் இளகும் என்று பஞ்சக்கா காத்திருந்தாள். அது இளகவில்லை. மெல்லச் சுருங்கியது.

"இல்லையா?" என்றாள் அம்மா. "தினமும் தொட்டவ. காய்ச்சல் வந்தாக்கூட அந்த மூடிக்குப் பக்கத்துலதான் படுப்பா. வேற ஒருத்தர் கை அவளுக்குத் தெரியலையா?" கொஞ்சம் பொறுத்து, "நான்தான் தெரியக்கூடாதுன்னு கேட்டேன். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். "அவளுக்கு எந்தக் கையா இருந்தாலும் போதும்போல. அவரை இத்தனை வருஷமா நான் மட்டும்தான் வெச்சிருந்திருக்கேன்."

ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் துக்கம் போய்விடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் பஞ்சக்கா சற்றுமுன் குழாயடியில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். வாசல்வரை போய் அனுப்பினாள். படியிறங்கும்போது மகள் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். "அப்பா கை எவ்வளவு நல்லா வந்திருக்கு பாத்தியாம்மா, விரல் ஒவ்வொண்ணும் தெரியுது. இனிமே உனக்குக் கவலையே இல்ல, எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம்." அம்மாவை ஆற்றுவதாக நினைத்து அவள் அடுக்கிக்கொண்டே போக, அம்மா தன் கையை மகளின் கையிலிருந்து உருவிக்கொண்டு, பையைச் சரிசெய்கிற மாதிரி தோளில் வைத்துக்கொண்டாள்.

பஞ்சக்கா அதைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் அவள் எதையும் உடைக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவள். அன்றைக்கு இரண்டு வாக்கையும் உடைப்பது என்று முடிவு செய்ய அவளுக்கு நேரமே ஆகவில்லை. வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பிடித்தாள். மூச்சிரைத்தது.

"அம்மா, உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. தொட்ட உடனேயே கண்டுபிடிச்சுட்டா, அது என் வீட்டுக்காரர் கைன்னு நானும் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா." மகளிடம் திரும்பினாள். "உங்கம்மாவுக்கு முன்னாடியே தெரியும்மா. உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவங்கதான் வெக்கச் சொன்னாங்க."

நிறுத்தத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள்.

"சுண்டுவிரலா?"

"சுண்டுவிரல்தான்" என்றாள் மகள். "கையிலயும் ஒட்டிச்சு."

"அவருக்குச் சின்ன வயசுல முறிஞ்ச விரல்டி அது. உனக்குச் சொன்னதே இல்லையே நான்."

"சொன்னதில்ல."

"ஏண்டி என்கிட்ட மறைச்சே?" என்று அம்மா மகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகளும் அழுதாள். குழாயடியில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கை போய்விட்டது என்று முதல்முறையாக இருவரும் சேர்ந்து அழுதார்கள். பஞ்சக்கா பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவள் அங்கே இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. மகள் முதலில் ஏறினாள். அம்மா படியில் கால் வைத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்குத் திறக்கறதுக்குள்ள அதைத் துடைச்சுடுங்க. அந்த இடம் வெறுமையாவே இருக்கட்டும். ஏன் வெறுமையா இருக்குன்னு பலகையில எழுதிடுங்க, உங்க தப்பையும் சேர்த்து."

"எழுதிடறேன்."

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

"பஸ் ஓட்டறார்."

அந்தம்மா தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் கை உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா. ரொம்ப நாளைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பஸ் கிளம்பியது.